தம்பிக்குப் பெண் பார்க்க மூன்று கூட்டரசுப் பிரதேசங்கள்

இத்தாலியின் பலேர்மோவில் ஆகஸ்ட் மாதம் பிறந்தால் வீட்டுவேலை செய்கிற எங்களுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்கள் எல்லோரும் கடற்கரை வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பொலிதேயாமாப் பக்கத்தில் நான் கூட்டித் துடைக்கிற மூன்று வீடுகளும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். மற்ற வருடங்களில் அந்த விடுமுறை முழுக்க, பல்லரோச் சந்தைக்கு மேலே இருக்கிற எங்கள் மூன்றாம் மாடியில் மின்விசிறிக்குக் கீழே கிடப்பேன். மீன் விற்கிறவர்களின் கூச்சல்தான் தாலாட்டு. 2017 ஆகஸ்டில் மட்டும் மலேசியாவுக்குப் பறந்தேன். அதுவும் கோலாலம்பூரோடு நிற்காமல் அந்த நாட்டின் மூன்று கூட்டரசுப் பிரதேசங்களையும் பார்த்துவிட்டு வந்தேன்! வீட்டில் இன்றுவரை இதைப்பற்றித்தான் பேச்சு.

போனதற்குக் காரணம் என் தம்பி சுதன். முப்பத்து நான்கு வயது. பதினொரு வருடமாக இங்கேதான் இருக்கிறான். தனியே நடக்கமுடியாத ஒரு வயதான சிஞ்ஞோரேயைப் பராமரிக்கிறான். சாப்பாட்டைச் சின்னதாக வெட்டிக் கொடுப்பது, மீனில் முள் எடுப்பது, தேநீரின் சூடு பார்ப்பது, படியில் முழங்கையைப் பிடித்து இறக்குவது எல்லாம் அவன்தான். பயணத்துக்கு முந்திய வருடம் இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. ஆனாலும் போர் முடிந்த பிறகும் இலங்கைக்குப் போக அவனுக்கு இன்னும் மனம் துணியவில்லை. நாங்களும் கேட்டு வற்புறுத்துவதில்லை.

அவனுக்குக் கிளிநொச்சியில் ஒரு சம்பந்தம் பேசினோம். ரேவதி, புவியியல் ஆசிரியை. சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, எட்டு மாதமாகத் தொலைபேசியில் இரண்டு பேரும் கதைத்தார்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெகிரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி, ஊரின் காவல் புனிதை சாந்த ரொசாலியா மாதாவிடம் வேறு சொல்லிவைத்தான். (நாங்கள் சைவக்காரர்தான். பலேர்மோவில் இருந்துகொண்டு ரொசாலியாவைப் பகைக்க முடியுமா?) ஆனால் ரேவதி ஒரே பிடியாக நின்றாள். ஆளை நேரில் பார்த்துப் பழகிய பிறகுதான் ஓம் அல்லது இல்லை. அவன் அங்கே போகமாட்டான், அவளுக்கு இங்கே வர விசா கிடைக்காது. எனவே நடுவில் மலேசியா. எங்கள் சனம் நிறையப்பேர் இப்படித்தான் சந்திக்கிறார்கள்.

அவளுடைய அப்பா தொலைபேசியில் திட்டத்தைச் சொன்னார். "மகளின்ரை பள்ளிக்கூடத்துக்கும் ஆகஸ்ட் லீவுதான். நாலு இடம் ஒண்டாச் சுத்திப் பாப்பம். நாங்கள் பிளேன் ஏற முன்னம் பதில் சொல்லுறம், பிள்ளை."

பின்னாலிருந்து ரேவதியின் குரல் கேட்டது. "அப்பா, போறதெண்டால் மூண்டு பிரதேசத்தையும் பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. வருசா வருசம் படத்தில காட்டிப் படிப்பிக்கிறன், ஒருக்கால் நேரில பாக்கிறன்."

மலேசியாவில் பதின்மூன்று மாநிலங்கள் உண்டு. அவற்றில் சேராமல் மத்திய அரசின் நேரடிக் கையில் இருக்கிற இடங்கள் மூன்று: தலைநகர் கோலாலம்பூர், அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டிய புத்ராஜெயா, கடலுக்கு அப்பால் போர்னியோப் பக்கத்தில் இருக்கிற லாபுவான் தீவு. இதை நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் கணவர் வேலை செய்கிற உணவகத்துக்கு ஆகஸ்டில்தான் சனம் குவியும். அதனால் அவரும் மகனும் வீட்டில் நின்றார்கள். ஒன்பது வயது மகன் வாசலில் நின்று, "மம்மா, ச்சொக்கொலாத்தோ மறக்காதேங்கோ, காப்பீத்தோ? விளங்கிச்சுதோ?" என்று வழியனுப்பினான்.

பலேர்மோவிலிருந்து ரோம், அங்கிருந்து வளைகுடா, அப்புறம் கோலாலம்பூர். ஆளுக்கு 780 யூரோ. ஆகஸ்டில் இதற்குக் குறைய எதிர்பார்க்காதீர்கள். இத்தாலியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். என்னைப்போல இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இணையத்தில் விசா எடுத்து, அச்சடித்த தாளைக் கையோடு கொண்டுபோகவேண்டும். இத்தாலிக்குத் திரும்பி வருவதற்கான பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, காலாவதியாகவில்லையா என்று கிளம்புமுன்பே பாருங்கள். அதைப் புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் ஆகஸ்டில் ஒரு கதிரையைக்கூட அசைக்கமாட்டார்கள்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயில் இருக்கிறது. 57 கிலோமீட்டர், அரை மணிக்கும் குறைவு, 55 ரிங்கிட். அந்த நேரம் ஒரு யூரோவுக்கு ஐந்து ரிங்கிட் கிடைத்ததால் எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்துக்கொண்டே திரிந்தேன். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்தோம், இரவுக்கு 120 ரிங்கிட். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டே நடக்கலாம். தெருவில் இறங்கியதும் மல்லிகைப்பூ மாலை, வடைச் சட்டி, தமிழ்ப் பெயர்ப்பலகை! பல வருடங்களுக்குப் பிறகு கடை விளம்பரங்களைத் தமிழில் வாசித்தேன். நகைக்கடை விளம்பரத்தைக்கூட விடவில்லை.

ரேவதியும் அப்பாவும் கொழும்பிலிருந்து அன்றைக்கே வந்து சேர்ந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம், வரவில்லை. ரேவதி படத்தில் பார்த்ததைவிட உயரம். எதையும் நேராகப் பார்த்துப் பேசுகிற பிள்ளை. அப்பா போக்குவரத்துச் சபை டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து இரண்டு வயது, கம்பி போல உடம்பு, இன்றைக்கும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறாராம். எனக்கு உடனேயே அவரைப் பிடித்துவிட்டது.

கோலாலம்பூரை இரண்டு நாளில் சுற்றினோம். இரட்டைக் கோபுரத்தை நான் படத்தில் பார்த்திருக்கிறேன்தான். ஆனால் இருட்டுகிற நேரம் கீழே பூங்காவில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். மேலே ஏற எண்பது ரிங்கிட்டுக்கு மேல். நாங்கள் ஏறவில்லை. கீழேயிருந்து பார்க்கக் காசு இல்லை, நீரூற்று வெளிச்சமும் இலவசம். "இந்தக் கண்ணாடியெல்லாம் ஆர் துடைக்கினமோ" என்றேன். தம்பியும் அதே நேரம் வாய்க்குள் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். பலேர்மோவில் பத்து வருடம் ஜன்னல் துடைத்தவர்களுக்கு உலக அதிசயம் எல்லாம் இப்படித்தான் தெரியும்.

மறுநாள் காலை பத்துமலைக்குப் போனோம். கொமியூட்டர் ரயிலில் 2 ரிங்கிட் 60 காசுதான். முருகனின் பெரிய சிலைக்கு முன்னால் நான் கையெடுத்துக் கும்பிட்டு, முதலாவது பிரதேசத்தில் முக்கியமான இடம் பார்த்தாயிற்று என்று சொன்னேன்.

"இது கணக்கில வராது அக்கா" என்றாள் ரேவதி. "பத்துமலை சிலாங்கூர் மாநிலம். நாங்கள் எல்லையைத் தாண்டி வந்திட்டம்."

ரீச்சரோடு சுற்றுலா போனால் இப்படித்தான். ஆனால் சிரிப்புக்கு நடுவில் எனக்கு வேறொரு கவலை தொடங்கியது. குகைக்கு 272 படிகள். தம்பி முதற்படியிலேயே ரேவதியின் அப்பாவின் முழங்கையைப் பிடித்தான். அவர் கையை உதறினார். அவன் மறுபடி பிடித்தான். "மெதுவா, ஐயா. மூச்சு வாங்கினால் நிப்பம்" என்றான். அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி எங்கள் எல்லோருக்கும் முன்னால் மேலே போய் நின்றார். மூச்சு வாங்கியது தம்பிக்குத்தான். ரேவதி நடுவில் தனியாக ஏறினாள்.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டில் விஷயம் முற்றியது. ஆளுக்குப் பன்னிரண்டு ரிங்கிட், சோறும் மூன்று கறியும் ரசமும் கேட்கக் கேட்க வரும், கட்டாயம் போங்கள். இங்கே ஒன்று சொல்லவேண்டும். சம்பந்தம் முடிவாகும் முன் மறுபக்கத்தாரின் சோற்றில் கை வைக்கக்கூடாது என்பது ரேவதியின் அப்பாவுக்குச் சட்டம். பதில் சொல்லாமல் சாப்பிட்டால், பதில் சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே மேசையில் இருக்கலாம், ஆனால் அவர்கள் இலை அவர்களுக்கு, எங்கள் இலை எங்களுக்கு. ஒரு தேநீர்கூட எங்களிடமிருந்து வாங்கவில்லை.

தம்பிக்கும் இது தெரியும். ஆனால் அவனுடைய கைக்குத் தெரியவில்லை. பொரித்த மீன் வந்ததும் அவன் பேசாமல் தன் இலையில் வைத்து முள்ளை எடுத்தான். சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்தான். பலேர்மோவில் தினமும் மத்தியானம் செய்கிற மாதிரியே, அதை அப்படியே எடுத்து ரேவதியின் அப்பாவின் இலையில் வைத்தான்.

அவர் மீனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "தம்பி, எனக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கு" என்றார். இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. தம்பியின் முகம் செத்துப்போயிற்று. நான் இருந்த இடத்திலேயே மாதாவையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் அவனைத் தனியே பிடித்தேன். "எட்டு மாசமா போனில கதைச்சுக் கிழிச்சாய். இஞ்சை வந்து அவளோடை பத்து வசனம் கதைச்சியோடா? தகப்பனைக் கலியாணம் முடிக்கவே வந்தனீ?"

"எனக்கு ஏலாது அக்கா" என்றான். "போனில எண்டால் முகம் பாக்கத் தேவையில்லை. நேரில பாத்தால் அவ படிச்ச பிள்ளை, என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. வயசானவையைப் பாக்கிறதெண்டால் எனக்குத் தெரியும்." எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. ஆனால் பாவம் பார்த்து ஒருத்தி கழுத்தை நீட்டுவாளா?

மூன்றாம் நாள் புத்ராஜெயா. கோலாலம்பூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். ரயிலில் ஆளுக்கு 14 ரிங்கிட். ஆனால் அங்கே நிழலும் இல்லை, நடக்கிற தூரமும் இல்லை என்று விடுதியில் சொன்னதால் நாள் முழுக்க ஒரு வாடகைக் கார் பிடித்தோம், 180 ரிங்கிட். நான்கு பேர் என்றால் அதுதான் சரி. ஓட்டுநர் மலேசியத் தமிழர். வாய் ஓயவில்லை.

"சிலோன்காரங்களா? நீங்க பேசறத கேக்க நல்லா இருக்கு லா" என்று தொடங்கினார். "புத்ராஜெயா ஃபுல்லா கவர்மெண்டு ஆளுங்கதான். ஆபீஸ் முடிஞ்சா ரோட்டுல காக்கா கூட இருக்காது."

உண்மைதான். ஆனால் என்ன அழகு! பெரிய செயற்கை ஏரி, அதன் கரையில் இளஞ்சிவப்புக் கல்லில் பள்ளிவாசல், அதற்குப் பக்கத்தில் பச்சைக் கூரை போட்ட பிரதமர் அலுவலகம், ஒன்றைப்போல ஒன்று இல்லாத பாலங்கள். பள்ளிவாசலுக்குள் போகப் பெண்களுக்குத் தலைமூடியோடு நீள அங்கி இலவசமாகத் தருவார்கள். ரேவதியும் நானும் அதைப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். தொழுகை நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஏரியில் படகுச் சவாரிக்கு எங்களிடம் ஆளுக்கு நாற்பது ரிங்கிட் வாங்கினார்கள். பாலத்துக்குக் கீழே காற்று வாங்கிக்கொண்டு போனபோது செலவு நினைவிலேயே இல்லை.

தெருவில் ஒரு கடதாசித் துண்டும் இல்லை. பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது. தம்பி ஒரு தூணைத் தடவிப்பார்த்து விரலைக் காட்டினான். தூசி இல்லை.

படகிலிருந்து இறங்கும்போது அவன் கை மறுபடி ரேவதியின் அப்பாவின் முழங்கைக்குப் போயிற்று. கரையில் நின்ற ஓட்டுநர் அதைக் கவனித்துவிட்டு, அக்கறையோடுதான் கேட்டார்.

"ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லையா? நல்லதுதான், கூடவே ஒரு நர்ஸ கூட்டிட்டு வந்திருக்கீங்க."

விடுதிக்குத் திரும்பியதும் ரேவதியின் அப்பா என்னைக் கூப்பிட்டார். கோபம் இல்லாமல்தான் சொன்னார், அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"பிள்ளை, உம்மடை தம்பி நல்ல பொடியன். அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் மகளுக்குப் புருசன் பாக்க வந்தனான். எனக்கு நேர்ஸ் பாக்க வரேல்லை. அவளோடை ரெண்டு கதை கதைக்கத் தெரியாதவனிட்டை, இவ்வளவு தூரத்துக்கு எப்பிடி அனுப்புறது? லாபுவானோடை முடிவெடுத்திடுவம்."

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் விமானத்தில் தம்பிக்கும் எனக்கும் ஒரு பக்கம், அவர்களுக்கு வேறு பக்கம் இருக்கை. லாபுவானுக்கு இரண்டரை மணி நேரப் பறப்பு, போக வர ஆளுக்கு 260 ரிங்கிட் கொடுத்தோம். முன்பே பதிவு செய்தால் குறையும். நாட்டுக்குள்தான் போகிறோம் என்று நினைத்துக் கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

லாபுவானில் இறங்கியதும் கவலையெல்லாம் மறந்துவிட்டது, சத்தியமாக! சின்னத் தீவு. மூன்று பக்கமும் எண்ணெய்க் கப்பல்கள், தென்னை, பச்சைக் கடல், வரியில்லாக் கடைகள். சொக்லேட் விலையைப் பார்த்து மகனுக்காக ஒரு பையை நிரப்பினேன். மணிக்கு முப்பது ரிங்கிட்டுக்கு ஒரு டாக்ஸி பேசினோம். ஓட்டுநர் மலாய்க்காரர், அதிகம் பேசாத மனிதர். முதலில் போர்க்கால மயானத்தில் இறக்கினார். உலகப்போரில் செத்தவர்களுடைய நாலாயிரத்துக்குக் கிட்டிய கற்கள், வெட்டிவிட்ட புல்லில் வரிசை வரிசையாக. இந்தியச் சிப்பாய்களுடைய பெயர்களும் உண்டு. பல கற்களில் பெயரே இல்லை, ஆள் அடையாளம் தெரியாதவர்கள்.

ரேவதியின் அப்பா ஒரு கல்லுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "பேர் தெரியாதவனுக்கும் ஒரு கல்லு வைச்சிருக்கிறாங்கள்" என்றார். போர் நடந்த வன்னியிலிருந்து வந்த எங்களில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தம்பி போய் அவர் பக்கத்தில் நின்றான், பழக்கத்தில் முழங்கையைப் பிடித்தான். இந்த முறை அவர் உதறவில்லை. ரேவதி தள்ளி நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து தீவின் வடக்கு முனைக்குப் போனோம். ஆங்கிலேயர் நிலக்கரி வெட்டிய காலத்தில் கட்டிய செங்கல் புகைபோக்கி ஒன்று அங்கே நிற்கிறது. நூறு அடிக்கு மேல் உயரம். எதற்குக் கட்டினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை, உள்ளே புகைபிடித்த அடையாளமே இல்லையாம். பக்கத்தில் சின்ன அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. காரை விட்டு இறங்கியதும் தம்பி வழக்கம்போல ஐயாவின் பக்கம் ஓடினான்.

"சுதன்" என்று ரேவதி கூப்பிட்டாள். அவன் பெயரை அவள் வாயால் நேரில் கேட்டது அதுதான் முதல்தரம். "அப்பாவை விடுங்கோ. அவர் நடப்பார். நீங்கள் என்னோடை வாங்கோ. போனில கதைக்கிற ஆளை நான் இன்னும் பாக்கேல்லை."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்த பாதையில் இறங்கிப் போனார்கள். நானும் ஐயாவும் அருங்காட்சியகத்துக்குள் போய், புகைபோக்கி பற்றி எழுதியிருந்த ஒவ்வொரு பலகையையும் பார்த்தோம். அவர் கண் பலகையில் இல்லை, ஜன்னலில் இருந்தது. மழை கொட்டத் தொடங்கியது. அவர்கள் வரவில்லை. மழை விட்டது. அப்போதும் வரவில்லை. "குடை கொண்டு போனவையோ?" என்றார். இல்லை என்றேன். கடைசியில் இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து வந்தார்கள். ரேவதியின் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. தம்பியிடம் கேட்டேன். "கதைச்சம்" என்றான். அவ்வளவுதான்! அடிக்கலாம் போல இருந்தது.

பின்னேரம் விடுதிக்கு முன்னால் கடலோரத்தில் நான் தனியே இருந்தபோது ரேவதி வந்து பக்கத்தில் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் அங்கை வந்தால் என்ன வேலை செய்யவேணும்?"

நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் தம்பியின் வாழ்க்கை விடிந்துவிடும். படித்த பிள்ளை, ஏதாவது அலுவலகம் கிடைக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

"வீடு துடைக்கிற வேலைதான் ரேவதி" என்றேன். "உம்மடை பட்டத்தை அங்கை ஒருத்தரும் கேக்கமாட்டினம். முதல் ரெண்டு வருசம் பாஷையும் பிடிபடாது, சிஞ்ஞோரா கத்தினாலும் எதுக்குக் கத்துறா எண்டு விளங்காது. வீடு மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை. ஊரில ரீச்சர் எண்டு எழும்பி நிக்கிற பிள்ளையள் அங்கை இல்லை. சனிக்கிழமையில எங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடுகினம். அதுக்கும் சம்பளம் இல்லை."

அவள் சிரித்தாள்.

"அவரும் மழைக்குள்ள நிண்டு இதையேதான் சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுறியளோ எண்டு பாத்தன்."

பரீட்சை மண்டபத்தில் இரண்டு பிள்ளைகளைத் தனித்தனியே இருத்திக் கேள்வி கேட்கிற மாதிரி எங்களைக் கேட்டிருக்கிறாள்! அந்த நிமிடமே எனக்கு அவள்மேல் ஆசை பொங்கிற்று. இவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கிப்போனேன். பதில் என்ன என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

பதிலைச் சொல்லும் முன் இதே வழியில் போக இருப்பவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். கோலாலம்பூருக்கு இரண்டு நாள், புத்ராஜெயாவுக்கு ஒரு முழு நாள், லாபுவானுக்குக் குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். லாபுவானில் ஆகஸ்டில் திடீர் மழை, குடை அவசியம். (கல்யாணம் பேசுகிறவர்கள் குடையை மறந்துவிட்டும் போகலாம்.) புத்ராஜெயாவில் மத்தியான வெயிலில் நடக்க நினைக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் தலைக்குத் தொப்பியும் வேண்டும். சைவச் சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில் தாராளம், லாபுவானில் தேடவேண்டும். முக்கியமாக, மூன்று பிரதேசமும் மூன்று விதம் என்பதால் ஒன்றை விட்டுவிட்டு வராதீர்கள். ஒன்று ஆரவாரம், ஒன்று ஒழுங்கு, ஒன்று அமைதி. மனிதரையும் இந்த மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ரேவதி திட்டம் போட்டுத்தான் மூன்றையும் கேட்டாளோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

கடைசி நாள் லாபுவானிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்குத் திரும்பினோம். கொழும்பு விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. புறப்பாட்டுக் கூடத்தில் பெட்டிகளைச் சுற்றி நான்கு பேரும் நின்றோம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி பலகையில் ஓடுகிற விமான எண்களை மனப்பாடம் செய்கிறவன் போல வாசித்துக்கொண்டிருந்தான். என்னால் இதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, பிளேன் ஏற முன்னம் சொல்லுறம் எண்டனீங்கள்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். "நீயே சொல்லு."

ரேவதி என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"என்ரை வகுப்புப் பிள்ளையள் டிசம்பரில ஓ.எல். சோதனை எழுதுகினம். அவையளை நடுவில விட்டிட்டு வரமாட்டன். ஜனவரியில எண்டால் எனக்குச் சரி."

தம்பி விழித்தான். "ஜனவரியில என்ன?"

"கலியாணம் தம்பி, கலியாணம்!" என்று ஐயா போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையில் நின்ற சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. "எங்கை வைக்கிறதெண்டதைப் பிறகு கதைப்பம்."

நான் அங்கேயே நின்று அழுதேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதேன். தம்பி ஐயாவின் பக்கம் ஒரு அடி வைத்தான். நின்றான். பிறகு ரேவதியின் பக்கம் திரும்பினான்.

"ரேவதி, உங்களுக்குப் பசிக்குதோ?"

"காலமையிலயிருந்து பசிக்குது. கடை எந்தப் பக்கம்?"

அவன் கையைக் காட்டினான்.

"காட்டினால் மட்டும் காணாது. வாங்கோ" என்று அவள் நடக்கத் தொடங்கினாள். அவனும் போனான், பக்கத்திலேயே போனான், ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயா தன் பையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.